பி.எஃப். பணத்தைத் தொலைக்கும் வழிகளும் காப்பாற்றும் வழிகளும்

திருப்பூர் பனியன் கம்பெனியோ, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையோ, வேலை மாறுகிறவர்கள் ஒரு தவறைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். பழைய கம்பெனியின் பி.எஃப். கணக்கை முடித்து, இருப்பதை மொத்தமாக எடுத்துவிடுகிறார்கள். பணம் ஒரு தங்கையின் கல்யாணத்துக்கோ இரு சக்கர வாகனத்துக்கோ போய்விடும். அதோடு போனது சேமிப்பு மட்டுமல்ல, 58 வயதுக்குப் பிறகு மாதாமாதம் வந்திருக்க வேண்டிய பென்ஷனும்தான். அது தெரியாமலேயே கையெழுத்துப் போடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

தனியார் வேலையில் இருப்பவரின் முதுமைக்கு என்று சட்டம் கட்டாயமாகச் சேர்த்துவைக்கும் பணத்தில் முக்கியமானது இதுதான். இதைத் தாண்டி நீங்கள் என்ன திட்டமிட்டாலும், முதலில் இது பத்திரமாக இருக்க வேண்டும்.

இரண்டு உண்டியல்கள்

உங்கள் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் 12 சதவீதம் போடுகிறார். உங்கள் பங்கு முழுவதும் பி.எஃப். கணக்குக்குப் போகிறது. முதலாளி பங்கில் 8.33 சதவீதம் 1995-ஆம் ஆண்டின் பென்ஷன் திட்டத்துக்குப் பிரிந்துபோக, மிச்சம் 3.67 சதவீதம்தான் பி.எஃப்.பில் சேர்கிறது. சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும், பென்ஷன் பங்கு பொதுவாக 15,000 ரூபாய் உச்சவரம்பை வைத்தே கணக்கிடப்படுகிறது. இந்த வரம்பு 2014 செப்டம்பரில் வந்தது. அதற்குப் பிறகு முதன்முறையாக பி.எஃப்.பில் சேர்ந்து, சேரும்போதே 15,000-க்கு மேல் வாங்கியவர்களுக்கு இந்த பென்ஷன் கிடையாது. அவர்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

பென்ஷன் கணக்கு எளிது. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை, உச்சவரம்புக்கு உட்பட்டு, பணி வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். ஆனால் குறைந்தது 10 வருடப் பணி இருந்தால்தான் பென்ஷன் உரிமையே வரும். தவறு நடப்பது இங்கேதான்.

ஒருவர் ஒரு கம்பெனியில் 6 வருடம், அடுத்ததில் 8 வருடம் வேலை பார்க்கிறார் என்று வையுங்கள். முதல் கம்பெனியை விட்டபோது 10-சி படிவம் போட்டு பென்ஷன் பணத்தை எடுத்துவிட்டால், ஒரு லட்சத்துக்கும் குறைவான தொகை கைக்கு வரும். அந்த 6 வருடம் அதோடு அழிந்தது. மிச்சம் 8 வருடம், பென்ஷன் இல்லை. எடுக்காமல் கணக்கை மாற்றியிருந்தால் 14 வருடம் ஆகியிருக்கும். 15,000 பெருக்கல் 14, வகுத்தல் 70. மாதம் 3,000 ரூபாய், உயிருள்ளவரை. அவருக்குப் பின் மனைவிக்கு அதில் பாதி. பெரிய பணமா என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் கையில் எதுவும் இல்லாத எழுபது வயதில் மாதம் 3,000 ரூபாய் மருந்துச் செலவுக்கு ஆகும். பிள்ளைகளிடம் கை நீட்டாமல் இருக்க உதவும்.

வேலை மாறும்போது செய்ய வேண்டியது

புதிய கம்பெனியில் சேரும்போது 11-ஆம் படிவம் என்று ஒரு தாளைக் கொடுப்பார்கள். அதில் உங்கள் பழைய யு.ஏ.என். எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். 12 இலக்க எண் அது. வேலை எத்தனை மாறினாலும் ஒருவருக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். 'இதுதான் முதல் வேலை' என்ற கட்டத்தில் டிக் அடித்து புதிய எண் வாங்கிக்கொள்கிறவர்கள், பின்னால் இரண்டு எண்ணையும் இணைக்க அலைகிறார்கள். கம்பெனி அலுவலகத்தில் இருப்பவர் அவசரத்தில் புது எண் போட்டுவிடுவதும் உண்டு. அவருக்கு என்ன போயிற்று?

பிறகு பி.எஃப். இணையதளத்தின் உறுப்பினர் பக்கத்தில் நுழைந்து, 'ஒரே உறுப்பினர் ஒரே கணக்கு' என்ற பகுதியில் பழைய கணக்கை மாற்றக் கோருங்கள். பழைய கம்பெனி வேலையை விட்ட தேதியைப் பதிவு செய்யாமல் விட்டிருக்கலாம். கடைசிப் பணம் வந்து இரண்டு மாதம் ஆனபின் அதை நீங்களே பதிவு செய்துகொள்ளலாம். யார் காலிலும் விழ வேண்டாம்.

கணக்கு மாறியபின் பாஸ்புக்கைப் பார்த்துப் பதறாதீர்கள். பி.எஃப். பணம் புதுக் கணக்குக்கு வந்திருக்கும். பென்ஷன் கட்டத்தில் பழைய தொகை இருக்காது. பென்ஷன் பணம் அப்படி மாறுவதில்லை, பணி வருடங்கள்தான் மாறுகின்றன. 'கே' இணைப்பு எனப்படும் ஆவணத்தையும், உறுப்பினர் பக்கத்தில் உள்ள பணி வரலாற்றையும் பார்த்து, வருடங்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள். அதைத் தரவிறக்கி அச்செடுத்து வையுங்கள்.

வேலையை விட்டு மூன்று வருடம் ஆனால் வட்டி நின்றுவிடும், அதனால் எடுத்துவிடு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த விதி 2016-லேயே மாறிவிட்டது. 58 வயதுவரை அந்தக் கணக்கில் வட்டி சேரும். 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம். தொடர்ச்சியாக 5 வருடம் ஆகுமுன் எடுத்தால் வரிப் பிடித்தமும் வரலாம். மறுபடியும் சொல்கிறேன்: வேலை மாறினால் மாற்றுங்கள், எடுக்காதீர்கள்.

10 வருடம் ஆகுமுன்பே வேலையை விட்டுவிட்டு, வேறு வேலைக்கு இப்போதைக்குப் போகவில்லையா? அதற்கும் வழி உண்டு. அதே 10-சி படிவத்தில் பணத்துக்குப் பதில் திட்டச் சான்றிதழ் கேளுங்கள். இரண்டும் ஒரே தாளில் இருப்பதால் பலரும் பணத்துக்கான கட்டத்தில்தான் டிக் அடித்துவிடுகிறார்கள். சான்றிதழ் கையில் இருந்தால், பின்னால் வேலை கிடைத்ததும் பழைய வருடங்கள் சேர்ந்துகொள்ளும்.

பெயர், பிறந்த தேதி, இனிஷியல்

தமிழ்நாட்டில் க்ளெய்ம் நிராகரிக்கப்படுவதற்கு இனிஷியல் பெரிய காரணம். ஆதாரில் இனிஷியல் பின்னால், பேங்க் பாஸ்புக்கில் முன்னால், பி.எஃப். பதிவில் அப்பா பெயர் முழுதாக. மூன்றும் ஒரே ஆள்தான் என்று கணினிக்குத் தெரியாது. இதில் முழுத் தவறும் உங்களுடையது அல்ல. விண்ணப்பத்தை உட்கார்ந்து ஒழுங்காகப் பதிவு செய்யாத கணக்காளரும், பெயர் பொருந்தாததைச் சேரும் நாளிலேயே சொல்லாத கம்பெனியும் இதற்குப் பொறுப்பு. ஆனால் 58 வயதில் அலையப்போவது அவர்கள் அல்ல, நீங்கள்.

இன்றே மூன்று ஆவணங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். திருத்தம் வேண்டுமென்றால் உறுப்பினர் பக்கத்தில் 'கூட்டு அறிவிப்பு' என்ற பகுதியில் விண்ணப்பிக்கலாம். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு கிடைத்த, ஆதாரோடு இணைந்த எண்களுக்குப் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் போன்றவற்றை நீங்களே திருத்தலாம். கம்பெனியின் ஒப்புதல் தேவையில்லை. அதற்கு முந்தைய எண்களுக்கு முதலாளி ஒப்புதல் வேண்டும். கம்பெனி மூடப்படுவதற்கு முன்பே செய்துகொள்ள வேண்டிய வேலை இது. மூடிய மில்லின் முதலாளியைத் தேடிப் போகிறவர்களின் கதி சொல்லி மாளாது.

நாமினி: இதை மட்டுமாவது செய்யுங்கள்

கல்யாணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர் அம்மாவையோ அப்பாவையோ நாமினியாகப் போட்டிருப்பார். கல்யாணமானதும் அந்த நியமனம் செல்லாது. மறுபடி எழுத வேண்டும். பெரும்பாலோர் எழுதுவதில்லை. அவர் திடீரென்று இறந்துவிட்டால் மனைவி வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கும் பி.எஃப். அலுவலகத்துக்கும் மாறி மாறி நடப்பார்.

அந்த நேரத்தில் குடும்பத்துக்கு வர வேண்டியவை மூன்று: பி.எஃப். இருப்பு, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பென்ஷன், பணியில் இருக்கும்போது இறந்தவருக்கு 7 லட்சம் வரை கிடைக்கும் காப்பீடு. காப்பீடு இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. இதற்காக உங்கள் சம்பளத்தில் ஒரு பைசா பிடிப்பதில்லை, முதலாளி கட்டுகிறார். குடும்ப பென்ஷனுக்கு 10 வருட நிபந்தனையும் இல்லை. மூன்றையும் ஒரே கூட்டுப் படிவத்தில் கேட்கலாம். ஒன்றை வாங்கிக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

நாமினியை இணையத்திலேயே பதிவு செய்யலாம். உறுப்பினர் பக்கத்தில் முதலில் உங்கள் புகைப்படம் ஏற்றியிருக்க வேண்டும். குடும்ப உறுப்பினர்களின் ஆதார் எண், பிறந்த தேதி, படம் கொடுத்து, பங்கு சதவீதம் குறித்து, கடைசியில் ஆதார் ஓ.டி.பி. மூலம் மின்கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால் பதிவு ஆகாது. கம்பெனி ஒப்புதலும் வேண்டாம், கட்டணமும் இல்லை.

பிடித்தார்கள், கட்டினார்களா?

சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் இருக்கும், கணக்கில் வந்திருக்காது. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். யு.ஏ.என். எண்ணோடு இணைந்த கைபேசியிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தாலே கடைசித் தொகையும் இருப்பும் குறுஞ்செய்தியில் வரும். உமங் செயலியில் முழு பாஸ்புக்கையும் பார்க்கலாம். சொந்த பி.எஃப். டிரஸ்ட் நடத்தும் பெரிய கம்பெனிகளில் மட்டும் இருப்பு விவரத்தை அந்த டிரஸ்டிடம் கேட்க வேண்டும்.

பிடித்ததைக் கட்டாமல் விடுவது வெறும் தாமதம் அல்ல, குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவு, தொழிலாளியிடம் பிடித்த தொகையை முதலாளி செலுத்தாமல் விடுவதை நம்பிக்கை மோசடியாகவே பார்க்கிறது. நிலுவையை வட்டியோடும் அபராதத்தோடும் வசூலிக்க பி.எஃப். அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு. அதிகாரத்தைப் பயன்படுத்தச் சொல்லி நாம்தான் நெருக்க வேண்டும். தாமாக எழுந்து வரமாட்டார்கள்.

புகாரை பி.எஃப். குறைதீர் தளத்தில் பதிவு செய்யுங்கள். சம்பளச் சீட்டு, பேங்க் பாஸ்புக் பக்கம், அடையாள அட்டை ஆகியவற்றின் நகலை இணைத்துப் புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். தொலைபேசி உதவி எண் 14470. ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் 'நிதி ஆப்கே நிகட்' முகாம் நடக்கிறது. எங்கே என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 'அடுத்த வாரம் வாங்க' என்ற பதிலை ஒப்புகையில்லாத தாளுக்குத்தான் எளிதாகச் சொல்ல முடியும்.

அலுவலக வாசலிலும் முகநூலிலும் 'பி.எஃப். எடுத்துத் தருகிறேன், பத்து சதவீதம் கொடு' என்று நிற்பவர்களிடம் ஓ.டி.பி. சொல்லாதீர்கள். எந்த க்ளெய்முக்கும் பி.எஃப். அலுவலகம் கட்டணம் வாங்குவதில்லை.

58-க்குப் பிறகு

பென்ஷனுக்கு 10-டி படிவம். ஆதார், பேங்க் பாஸ்புக், கணவன் மனைவி சேர்ந்த படம், பிள்ளைகளின் பிறந்த தேதி தேவைப்படும். 50 வயதிலேயே குறைந்த பென்ஷன் வாங்கலாம். ஆனால் 58-க்கு முந்தைய ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டுவார்கள், அது ஆயுளுக்கும் வெட்டுதான். பென்ஷன் வரத் தொடங்கியபின், ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். பேங்கிலோ பொதுச் சேவை மையத்திலோ, முகம் காட்டிக் கைபேசியிலோ செய்யலாம். கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். மறந்தால் பென்ஷன் நிற்கும்.

மொத்தமாகக் கைக்கு வரும் பி.எஃப். பணத்துக்கு அடுத்த ஆபத்து காத்திருக்கிறது. மாதம் 3 சதவீதம், 5 சதவீதம் தருகிறோம் என்று ஓய்வு பெற்றவரின் வீட்டுக்கே வருவார்கள், பெரும்பாலும் தெரிந்தவர் மூலம். ஒரு நிமிடமும் யோசிக்க வேண்டாம், மறுத்துவிடுங்கள். தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். பேங்க் டெபாசிட்டுக்கு ஒரு பேங்கில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. அதனால் ஒரே இடத்தில் குவிக்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல், ரசீதுகளோடு மாவட்டப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசிடம் போங்கள். 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நிறுவனத்தின் சொத்தை முடக்கி முதலீட்டாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்க இடம் உண்டு. வருடக்கணக்கில் இழுக்கும், முழுத் தொகை திரும்பும் என்ற உறுதியும் இல்லை. வழக்குப் போடுவதைவிட, அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வதே மேல்.

பென்ஷன் போதாது என்பது உண்மை. குறைந்தபட்ச பென்ஷன் 2014-ல் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. இன்றைய விலைவாசியில் அது ஒரு கேலி. அதை உயர்த்தச் சொல்லிக் கேட்பது நம் கடமை. ஆனால் கையில் வந்துகொண்டிருப்பதை நாமே அழித்துவிட்டு அரசைக் குறை சொல்லிப் பயனில்லை. இதைப் படித்து முடித்ததும் யு.ஏ.என். எண்ணைத் தேடி எடுங்கள். நாமினி பகுதியைத் திறந்து பாருங்கள். அந்த எண் இருக்கும் இடத்தை மனைவியிடமோ கணவரிடமோ சொல்லிவையுங்கள். நாளைக்கு என்று தள்ளிவைத்தவர்களின் குடும்பங்கள்தான் இன்று பி.எஃப். அலுவலக வரிசையில் நிற்கின்றன.