பகல் வெயிலை இரவுக்குச் சேமிப்போம்

யுத்தகாலத்தில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த சகோதரிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 1990 இல் மின்சாரம் நின்றது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. செய்தி கேட்பதென்றால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவிலிருந்து வானொலிக்கு வயர் கொடுத்து, ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. கை உளைந்து நான் நிறுத்தினால் சில்லு மெல்ல மெல்ல ஓயும். செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்து நின்றுவிடும். "சுத்து பிள்ளை, சுத்து!" என்று சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் சத்தமிடுவார்கள்.

அந்தச் சைக்கிள் எனக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில்தான். மின்சார ஸ்கூட்டரைத் தவணை முறையில் விற்க ஒருவர் வந்திருந்தார். "பெற்றோல் செலவே இல்லை. கரண்ட் போனால் இந்தப் பற்றரியாலேயே வீட்டுக்கு லைற் எரிக்கலாம்" என்றார். பக்கத்தில் இருந்த மாமி என் காதில் கேட்டார்: "உந்தப் பெடியன் சொல்லுறது மெய்யோ பிள்ளை?"

மாமி 2009 இல் கணவரை இழந்தவர். நாள்தோறும் மரக்கறி வாங்கிச் சந்தையில் விற்று இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார். ஏற்கெனவே இரண்டு இடத்தில் கடன். தவறான பதில் சொன்னால் மூன்றாவது கடனுக்குள் அவரைத் தள்ளிய பாவம் எனக்கு வந்துவிடும். "அடுத்த கூட்டத்துக்குள் விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். விஞ்ஞானம் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவரிடம் கேட்டும், வாசித்தும் அறிந்தவற்றை உங்களுடனும் பகிர்ந்துகொள்கிறேன்.

நாடும் ஒரு சைக்கிள்தான்

வயரில் வரும் மின்சாரம் தண்ணீர்த் தாங்கியில் இருப்பதுபோல் எங்கும் சேர்ந்திருப்பதில்லை. எவ்வளவு பாவிக்கிறோமோ அவ்வளவும் அந்தக் கணத்திலேயே உற்பத்தியாக வேண்டும். கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. லக்சபானவிலும் நுரைச்சோலையிலும் பாரமான இயந்திரங்கள் ஓயாமல் சுழல்கின்றன. எங்கேனும் ஒரு தடங்கல் வந்தால், நான் கையை எடுத்த பின்னும் சில்லு கொஞ்சம் ஓடியதைப் போல, அவற்றின் சுழற்சிதான் சில விநாடிகளுக்கு நிலைமையைத் தாங்கிப் பிடிக்கும்.

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் இருளடைந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதாலே என்று சொல்லிச் சிரித்தோம். ஆனால் ஒரு குரங்கால் எப்படி முழு நாடும் நிற்கும்? அன்று ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருந்ததால் தேவை குறைவு. நல்ல வெயில் என்பதால் கூரைகளிலிருந்து சூரிய மின்சாரம் ஏராளமாக வந்தது. ஆகவே சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாகவே ஓடின. சோலர் தகட்டில் சுழலும் சில்லு இல்லை. தாங்கிப்பிடிக்க வலுவில்லாத நேரத்தில் வந்த சிறு தடங்கலே முழுவதையும் சாய்த்துவிட்டது.

அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் 3 மணி வரை கூரைச் சோலரை நிறுத்திவைக்கும்படி உரிமையாளர்களிடம் கேட்டார்கள். பகலில் வெயில் தந்த மின்சாரத்தை வேண்டாம் என்கிறோம். பொழுதுபட்டதும் எண்ணெயும் நிலக்கரியும் எரித்து விளக்கேற்றுகிறோம். இடையில் சேமித்துவைக்க ஒரு பாத்திரம் இல்லாத குறைதான் இது.

பற்றரி என்ற பாத்திரம்

அந்தப் பாத்திரம்தான் பற்றரி. சேமிப்பதோடு அது நிற்பதில்லை. தடங்கல் வந்தால் ஒரு விநாடிக்குள்ளேயே மின்சாரத்தைக் கொடுத்துத் தாங்கிப் பிடிக்கவும் அதனால் முடியும். தென் அவுஸ்திரேலியா மாநிலம் 2016 செப்டெம்பரில் முழுமையாக இருளடைந்தது. அடுத்த ஆண்டே அங்கு 100 மெகாவாற் பற்றரி நிலையம் ஒன்றை அமைத்தார்கள்.

மின்சார வாகனத்திலும் இருப்பது பற்றரிதான். அது நாட்டுக்குத் துணையாவதும் தொல்லையாவதும் நாம் சார்ஜ் செய்யும் நேரத்தைப் பொறுத்தது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரைதான் நாட்டில் மின்சாரத் தேவை உச்சத்தில் இருக்கும். சமையல், பிள்ளைகளின் படிப்பு, தொலைக்காட்சி எல்லாம் அப்போதுதான். வேலையால் வந்த கையோடு எல்லோரும் வாகனத்தையும் சார்ஜில் போட்டால் சுமை இன்னும் ஏறும். வெயில் நேரத்தில் போட்டால் வீணாகப் போகும் மின்சாரத்தைப் பிடித்துவைத்தவர்களாவோம்.

வாகனத்திலிருந்து மின்சாரத்தைத் திருப்பி எடுக்கலாமா? எடுக்கலாம், ஆனால் எல்லா வாகனத்திலும் அல்ல. ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பிறகு நிசான் லீஃப் காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கும் கருவி 2012 இல் விற்பனைக்கு வந்தது. அவுஸ்திரேலியாவின் கன்பராவில் இதைப் பரிசோதனையாகச் செய்துவந்தார்கள். 2024 பெப்ரவரி 13 ஆம் திகதி விக்ரோறியா மாநிலத்தில் புயல் அடித்து மின்கோபுரங்கள் சரிந்தபோது, கன்பராவில் செருகியிருந்த 16 லீஃப் கார்கள் சில விநாடிகளில் 107 கிலோவாற் மின்சாரத்தை வலையமைப்புக்குத் திருப்பிக் கொடுத்தன. ஐம்பது மின்கேத்தில்களை ஒரே நேரத்தில் கொதிக்கவைக்க அது போதும்.

ஆனால் அதற்கு இருவழியாக வேலை செய்யும் விசேட சார்ஜரும், அதற்கு இடங்கொடுக்கும் வாகனமும், மின்விநியோகம் செய்வோரின் அனுமதியும் வேண்டும். சாதாரண ஸ்கூட்டரின் சார்ஜர் ஒருவழிப் பாதை. உள்ளே போகும், திரும்பி வராது.

மாமியின் கணக்கு

அடுத்த கூட்டத்தில் மாமிக்காகக் கொப்பியில் ஒரு கணக்குப் போட்டேன். 60 வோல்ற், 20 அம்பியர் மணி என்று எழுதிய பற்றரியை எடுத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 1200. அதாவது ஒன்றேகால் யுனிற் அளவு. நாளுக்கொரு முறை முழுதாகச் சார்ஜ் செய்தால், வீணாவதையும் சேர்த்து மாதம் ஏறக்குறைய 40 யுனிற். மாமியின் வீட்டுப் பாவனை 50 யுனிற். இரண்டும் சேர்ந்தால் 90. வீட்டுக் கட்டணத்தில் மாதம் 60 யுனிற்றைத் தாண்டினால், முதல் யுனிற்றிலிருந்தே கூடிய வீதத்தில் கணக்கிடுவார்கள். விற்க வந்தவர் இதைச் சொல்லவில்லை.

மாமி சற்றுநேரம் யோசித்தார். "அப்ப பெற்றோல் காசு மிஞ்சும். கரண்ட் காசு கூடும். மிச்சத்தைத் தவணை திண்டிடும். முதல்லை இருக்கிற கடனிலை ஒண்டை முடிப்பம்" என்றார். அத்தோடு விடாமல் இன்னொன்றும் கேட்டார்: "எங்கடை சங்கக் கட்டடத்துக் கூரை சும்மாதானே வெயில் காயுது? அதிலை சோலரும் ஒரு பற்றரியும் போட்டால், சந்தையாலை வாற மத்தியானத்திலை எல்லாரும் அங்கை சார்ஜ் பண்ணலாமே?"

யாரும் பதில் பேசவில்லை. அந்தக் கேள்வி எங்கள் எவருக்குமே தோன்றியிருக்கவில்லை. செலவு விபரம் கேட்டு எழுதுவதென்று அன்றே கூட்டக் குறிப்பில் பதிந்தோம்.

சகோதரிகளே, மின்சார வாகனம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பெற்றோலுக்காக 2022 இல் நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் நாம். ஆனால் கையெழுத்திடுவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பற்றரி எத்தனை யுனிற் கொள்ளும்? எத்தனை வருட உத்தரவாதம்? பழுதானால் புதுப் பற்றரி என்ன விலை? மின்பில் 60 யுனிற்றைத் தாண்டுமா? பற்றரியை நித்திரைகொள்ளும் அறையில் சார்ஜில் போடாதீர்கள். பகலில் முடிந்தால் பகலில் போடுங்கள், முடியாவிட்டால் 6.30 முதல் 10.30 வரையாவது தவிருங்கள்.

கூட்டம் முடிந்து வரும்போது என் டைனமோக் கதையை மாமிக்குச் சொன்னேன். "அண்டைக்கு ஒரு பற்றரி இருந்திருந்தால் உன்ரை கை உளைஞ்சிராது" என்று சிரித்தார். இன்று பற்றரி கடைக்கு வந்துவிட்டது. வாங்குமுன் கணக்குப் பார்ப்பது மட்டுமே எங்கள் வேலை.