கூடாரக் கணக்கும் கச்சேரி நிர்வாகமும்

பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அலுவலகத் தலைமைக்கு வருகிறார் என்றதும், இனி எல்லாம் அதட்டலும் சல்யூட்டுமாகவே இருக்கும் என்று குமாஸ்தாக்கள் கலங்குவது வழக்கம். சிப்பாய்த்தொழிலில் எந்த அம்சம் நிர்வாகத்திற்கு உண்மையில் உதவுகிறது என்று ஆராய விரும்புவோர்க்குத் திருவனந்தபுரத்தின் சரித்திரத்திலேயே ஒரு திருஷ்டாந்தம் உண்டு. 1811 முதல் 1814 வரை திருவிதாங்கூர் திவானாக இருந்த கர்னல் ஜான் மன்றோ (மதராஸ் கவர்னராயிருந்த தாமஸ் மன்றோ வேறு) அவர்.

மன்றோ வாளால் பெயர் பெற்றவர் அல்லர். மதராஸ் சேனையின் குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரலாகத் தங்குமிடத்தையும் தளவாடத்தையும் கவனித்தவர். அக்காலத்தில், போர் நடந்தாலும் நடவாவிட்டாலும், கூடாரச் செலவுக்கென்று ஒவ்வொரு படைப்பிரிவின் தலைவருக்கும் மாதாந்தரம் ஒரு தொகை கொடுத்துவிடுவார்கள். செலவைக் குறைத்தால் மிச்சம் அவர் மடியில் விழும். நைந்த கூடாரத்தை மாற்றாமல் விட்டால் சிப்பாய் நனைவான், அதிகாரிக்கு லாபம். கடமையையும் சுயலாபத்தையும் ஒருவரிடமே வைத்து மோதவிடும் இந்த ஏற்பாடு ஒழியவேண்டும் என்று மன்றோ அறிக்கை எழுத, 1808இல் அது ஒழிந்தது. வரும்படியை இழந்தவர்கள் கொதித்தார்கள். சேனாதிபதி மக்டவல் மன்றோவைக் காவலில் வைத்தார். கவர்னர் பார்லோ விடுவித்தார். 1809இல் மதராஸ் சேனையின் வெள்ளை அதிகாரிகள் செய்த கலகத்திற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று.

மறு ஆண்டு அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்டாகத் திருவிதாங்கூருக்கு வந்தபோது, கம்பெனிக்கு எதிராகத் திவான் வேலுத்தம்பி நடத்திய கிளர்ச்சி அடங்கிச் சிறிது காலமே ஆகியிருந்தது. கம்பெனிக்கு ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய 8 லட்சம் ரூபாயில் பாக்கி ஏறிக் கிடந்தது. ராணி கௌரி லக்ஷ்மிபாய் திவான் பதவியையும் அவரிடமே ஒப்புவித்தார். இங்கும் அவர் கண்டது அதே கூடாரக் கதைதான்: வரிவசூலும் காவலும் நியாய விசாரணையும் காரியக்காரர் என்ற ஒரே உத்தியோகஸ்தரிடம் குவிந்திருந்தமையால், அவர்மேல் பிராது சொல்ல வேண்டியவன் அவர் வாசலிலேயே போய் நிற்க வேண்டியிருந்தது. காரியக்காரரைத் தாசில்தார் என்று பெயர் மாற்றி அதிகாரத்தைச் சுருக்கி, பத்மநாபபுரம், திருவனந்தபுரம், மாவேலிக்கரை, வைக்கம், ஆலுவா ஆகிய 5 இடங்களில் ஜில்லா நீதிமன்றங்களை நிறுவி, உத்தியோகஸ்தர் நடக்கவேண்டிய முறையைச் சட்டவரியோலையாக எழுதிவைத்தார். இன்றைய தலைமைச் செயலகத்திற்கு முன்னோடியான ஹஜூர் கச்சேரியின் கட்டுக்கோப்பும் அவர் காலத்தது. கொல்லத்திலிருந்த அதனைத் திருவனந்தபுரத்திற்குக் கொண்டுவந்தவர் பின்னாளைய மன்னர் சுவாதித் திருநாள்.

சைனிக் பள்ளியும் டெக்னோபார்க்கும் கழக்கூட்டம் என்ற ஒரே ஊரில் விளங்கும் இக்காலத்தில், மிடுக்கான குரலையே இராணுவத் தலைமை என்று கொண்டாடுவோர் உண்டு. குரலைவிடக் கணக்கறிவும், யார் எதற்குப் பொறுப்பு என்று எழுத்தில் வகுக்கும் பழக்கமுமே மன்றோவுக்குக் கைகொடுத்தன என்பது என் துணிபு. ஆனால் அவர் கட்டளைக்குப் பின்னால் கம்பெனியின் துப்பாக்கி நின்றதையும் மறக்கலாகாது; அத்தகைய அனுகூலம் எந்த மானேஜருக்கும் கிட்டாது. மேலும், பிறரிடம் குவிந்த அதிகாரத்தைப் பிரித்த அவரே, மேற்பார்வை பார்க்கும் ரெசிடெண்டாகவும், மேற்பார்வைக்கு உட்பட்ட திவானாகவும் ஏககாலத்தில் இருந்தார். 1814இல் திவான் பதவியைத் தேவன் பத்மநாப மேனோனிடம் விட்ட பிறகே அந்த முரண்பாடு தீர்ந்தது. ரெசிடெண்ட் ஸ்தானத்தில் மட்டும் 1819 வரை நீடித்தார்.