முரசில் இரத்தமா? கலங்காதீர்கள், கேளுங்கள்!



பம்பலப்பிட்டிச் சந்தியில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிறீர்கள். மனதில் ஒரே கவலை. "முரசு நோய் தொடங்கியிருக்கிறது" என்று பல் டாக்டர் சற்று முன்புதான் சொன்னார். வெளியே அடுத்தவர் காத்திருக்கிறாரே என்ற கூச்சத்தில் ஒன்றும் கேட்காமல் எழுந்து வந்துவிட்டீர்கள். வீட்டுக்குப் போனால், "காரையை எடுத்தால் பல் ஆடும், போகாதே" என்று மாமி சொல்வார். "இரத்தம் எல்லோருக்கும்தானே வருகிறது" என்பார் பக்கத்து வீட்டு ராத்தா.

பயந்து ஒதுங்குவதும் தவறு, அலட்சியமாக இருப்பதும் தவறு. டாக்டர் சொன்ன அந்தச் சொல்லுக்குள் இரண்டு நிலைகள் உள்ளன. உங்களுடையது எது?

இரண்டு நிலைகள்

முதலாவது, முரசு அழற்சி. பல்லின் அடியில் படியும் அழுக்குப் படலத்தால் முரசு சிவந்து வீங்கும், துலக்கும்போது இரத்தம் கசியும். ஆனால் பல்லைத் தாங்கும் எலும்புக்குச் சேதமில்லை. 1965இல் ஹரால்ட் லோ என்ற பல் வைத்திய அறிஞரும் குழுவினரும் டென்மார்க்கில் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கிய பின், சுமார் ஒரு வாரத்தில் அது மறைந்தது.

இரண்டாவது நிலையில் முரசு பல்லை விட்டுப் பிரிந்து பைபோல ஆழமாகும். உள்ளே எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாக வளராது. மேலும் கரையாமல் நிறுத்தத்தான் முடியும்.

மலையகம் தந்த பாடம்

அதே ஹரால்ட் லோ, நமது நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களை 1970 முதல் 1985 வரை கவனித்தார். பல் வைத்திய வசதி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஏறக்குறைய எல்லோருக்கும் அழற்சி இருந்தது. ஆயினும் 8 வீதத்தினருக்கு நோய் வேகமாகவும் 81 வீதத்தினருக்கு மிதமாகவும் முற்றியது. 11 வீதத்தினருக்கு அழற்சியைத் தாண்டவே இல்லை. 35 வயதில் பல்லின் பிடிமானம் குறைந்திருந்த அளவு முதல் பிரிவினருக்குச் சுமார் 9 மில்லிமீற்றர், இரண்டாம் பிரிவினருக்கு 4, மூன்றாம் பிரிவினருக்கு 1க்கும் குறைவு.

ஒரே இரத்தக் கசிவு, மூன்று வித முடிவு! ஆகவே இரத்தத்தை மட்டும் பார்த்து முடிவு கட்ட முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

டாக்டரிடம் கேளுங்கள்

1. எனக்கு இருப்பது அழற்சி மட்டுமா, எலும்பும் கரைந்திருக்கிறதா?

2. ஒவ்வொரு பல்லையும் சுற்றி அளந்தீர்களா? எத்தனை மில்லிமீற்றர்? (3 வரை பொதுவாகச் சுகநிலை. 4 என்றால் கவனம் தேவை. ஆனால் முரசு வீங்கியிருந்தாலும் 4 காட்டலாம்.)

3. எக்ஸ்ரேயில் எலும்பு எப்படித் தெரிகிறது?

4. எந்தச் சிகிச்சை, ஏன்? மறுபடி எப்போது அளப்பீர்கள்?

கர்ப்பமாக இருந்தாலோ சீனி வியாதி இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டுமே முரசைப் பாதிக்கும். வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தையும் மறைக்காதீர்கள்.

பதிலில் திருப்தி இல்லையா? இன்னொரு டாக்டரிடம் காட்டுவது மரியாதைக் குறைவல்ல. வோட் பிளேஸில் அரசாங்கப் பல் வைத்தியசாலையும் இருக்கிறது.

காரையை எடுப்பதால் பல் ஆடாது. எலும்பு ஏற்கெனவே கரைந்து ஆடும் பல்லைக் காரை மூடி மறைத்திருக்கும், அவ்வளவுதான்.

சுன்னத்தும் சுகமும்

உம்மத்துக்குச் சிரமமாகிவிடும் என்று அஞ்சியிராவிட்டால், ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்யும்படி கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை நாம் அறிவோம். மிஸ்வாக்கோ பிரஷ்ஷோ, முரசின் ஓரம் வரை மெதுவாகச் செல்லட்டும். இரத்தம் வருகிறதே என்று துலக்குவதை நிறுத்தாதீர்கள். இரவில் படுக்குமுன் துலக்குவதையும் பல்லிடுக்குகளைச் சுத்தம் செய்வதையும் விடாதீர்கள்.

வாப்பாவின் மருந்து, பிள்ளைகளின் தடுப்பூசி என்று எல்லாவற்றையும் டாக்டரிடம் துருவித் துருவிக் கேட்பவர் நீங்கள். உங்கள் உடம்பும் அல்லாஹ் தந்த அமானிதம்தான். அடுத்த முறை அந்த நாற்காலியை விட்டு எழுவதற்கு முன், உங்களுக்காகவும் இரண்டு கேள்வி கேளுங்கள்.