ஆசியும் ஆணையும்

தேர்தல் நெருங்கினால் வேட்பாளர்கள் மடங்களையும் மசூதிகளையும் மாதா கோயில்களையும் நாடிச் செல்வதைக் காண்கிறோம். பெரியோரின் ஆசி பெறுவது நம் நாட்டு வழக்கம், அதில் குற்றமில்லை. ஆனால் ஆசி எவ்விடத்தில் ஆணையாக மாறுகிறது என்பதை அறியாத வேட்பாளர், பெற்ற வெற்றியையும் இழக்க நேரிடும்.

இதற்குத் தக்க சான்று, அந்நாளில் பஞ்சாபைச் சேர்ந்திருந்த சிர்சா தொகுதியின் வழக்கு. 1957-ஆம் ஆண்டுத் தேர்தலில் ராம் தயாள் என்பவர் அங்கே வென்றார். அவருக்கே வாக்களிக்க வேண்டுமென்று நாம்தாரி சீக்கியர்களின் சத்குரு தம் அடியார்களுக்குக் கட்டளையிட்டிருந்தார். வழக்கு உச்சநீதி மன்றம் வரை சென்றது. 1959-இல் அம்மன்றம் ஒரு தெளிவான எல்லையை வகுத்தது. சமயத் தலைவர் தமக்குத் தகுதியுடையவராகத் தோன்றும் வேட்பாளரைப் பற்றிக் கருத்துக் கூறலாம், ஆதரவும் திரட்டலாம். ஆனால், மீறினால் தெய்வ நிந்தனைக்கு ஆளாவோம் என்னும் அச்சம் எழும்படி கட்டளையிட்டால், அடியார்க்குத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமே இல்லாமற் போகிறது. எனவே அது தகாத செல்வாக்கு எனக் கொள்ளப்பட்டது, தேர்தல் செல்லாதாயிற்று.

1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு இன்னும் ஒன்றைத் தடுக்கிறது. வேட்பாளரோ, அவருடைய முகவரோ, அவர்களது சம்மதத்துடன் பிறரோ சமயம், இனம், சாதி, சமூகம், மொழி ஆகியவற்றின் பெயரால் வாக்குக் கேட்கலாகாது. வேட்பாளரின் சமயம் மட்டுமன்று, வாக்காளரின் சமயமும் இத்தடையுள் அடங்கும் என்று, 2017 ஜனவரி 2 அன்று ஏழு நீதிபதிகளுள் நால்வர் தீர்ப்பளித்தனர். மீறியவர் பதவியை இழப்பதோடு, 6 ஆண்டுகள் வரை தேர்தலில் நிற்கும் தகுதியையும் இழக்கக்கூடும்.

கேளாமல் வரும் ஆதரவும் சங்கடமே. 2015-இல் தில்லி வாக்குப்பதிவுக்கு முதல் நாள், ஜும்மா மசூதியின் ஷாஹி இமாம் ஆம் ஆத்மி கட்சிக்கு வாக்களிக்குமாறு முஸ்லிம்களைக் கேட்டுக்கொண்டார். போட்டிக் கட்சி உடனே அதை எடுத்துக்காட்டிப் பிரசாரம் செய்தது. ஆம் ஆத்மி கட்சியோ அவ்வாதரவு வேண்டாமென அன்றே அறிவித்தது. மறுநாள் நடந்த வாக்குப்பதிவில் அக்கட்சி 70 இடங்களுள் 67-ஐப் பெற்றது.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. சட்டம் சமயத்தோடு மொழியையும் சேர்த்தே கூறுகிறது. தமிழர் என்பதற்காகவே வாக்களியுங்கள் என்று நம்மவர் கேட்பினும் அது தவறே. நம் தெருவின் குடிநீரைப் பற்றியும் நம் பிள்ளைகளின் பள்ளியைப் பற்றியும் வேட்பாளரிடம் வினவுவோம். அவர் கூறும் விடையை எடைபோட்டு வாக்களிப்போம்.