செடி வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகுமா? வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

நர்சரிக்குப் போனால், "இந்தச் செடி வைங்க, காத்தைச் சுத்தம் பண்ணும், நாசாவே சொல்லியிருக்கு" என்கிறார்கள். வாட்ஸ்அப்பிலும் அதே செய்திதான் சுற்றுகிறது. அதில் எவ்வளவு உண்மை?

நாசா ஆய்வு நடந்தது உண்மைதான். 1989-இல் அதன் விஞ்ஞானி வோல்வர்ட்டன் குழுவினர் ஸ்னேக் பிளான்ட் போன்ற செடிகளைச் சோதித்தார்கள். பென்சீன், ஃபார்மால்டிஹைடு வாயுக்கள் குறைந்தன. ஆனால் சோதனை நடந்தது காற்றுப் புகாதபடி மூடிய சின்னப் பெட்டிக்குள். நம் வீடு பெட்டி இல்லையே! 2019-இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதுபோன்ற பல சோதனைகளை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். கட்டடத்தில் சாதாரணமாக நடக்கும் காற்றோட்டத்துக்குச் செடிகள் ஈடாக வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் தேவை. பத்துக்குப் பத்து அடி அறையில் குறைந்தது 90 தொட்டி. அப்புறம் நீங்கள் எங்கே படுப்பீர்கள்?

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் காற்றோட்டம் புதிய சங்கதி இல்லை. வைசியாள் வீதியின் பழைய தமிழ் வீடுகளைப் பாருங்கள். திண்ணை, நடுவில் முற்றம். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலேறிப் போகும், வாசல் வழியே புதுக்காற்று உள்ளே வரும். பிரெஞ்சுக்காரர் வீடுகளிலும் உயரமான கூரை, பெரிய ஜன்னல்கள். இன்றைய அபார்ட்மென்டில் முற்றம் கிடையாது. ஆனால் கடற்காற்று இருக்கிறது. பிற்பகலில் அது வீசும்போது எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும்.

முக்கியமாக, கதவை அடைத்துக்கொண்டு கொசுவத்திச் சுருள் கொளுத்தாதீர்கள். ஒரு சுருள் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வெளிவரும் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பச்சைக் குழந்தை தூங்கும் அறையில் இது வேண்டவே வேண்டாம். கொசுவலை போதும்.

அப்படியானால் செடியே வேண்டாமா? தாராளமாக வையுங்கள். கண்ணுக்குக் குளிர்ச்சி, மனசுக்கும் நல்லது. உங்கள் வீட்டு வெளிச்சத்துக்கு ஏற்றதா என்று மட்டும் பாருங்கள். வெயில் வராத மூலைக்கு ஸ்னேக் பிளான்ட், மணி பிளான்ட் தாங்கும். துளசிக்கும் கற்பூரவள்ளிக்கும் வெயில் வேண்டும், பால்கனிதான் சரி. மணி பிளான்ட், டைஃபன்பேக்கியா இலைகளைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தையோ, நாய் பூனையோ இருந்தால் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள்.

இன்னொரு விஷயம், டெங்கு. ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். மணி பிளான்ட் வைத்த பாட்டில், தொட்டிக்கு அடியில் உள்ள தட்டு, இரண்டும் அதற்கு வசதியான இடம். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். முட்டைகள் பாத்திரத்தின் உட்புறச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அதனால் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். மறந்துபோகும் என்றால் மொபைலில் ஞாயிற்றுக்கிழமை காலைக்கு அலாரம் வைத்துவிடுங்கள். தண்ணீருக்குப் பதில் மண்ணில் நட்டுவிட்டால் பாட்டில் கழுவுகிற வேலையே இல்லை. அடித்தட்டை மட்டும் கவனித்தால் போதும்.