குருதி கூறும் செய்தி

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரமெங்கும் மக்கள் வெள்ளம் பெருகும். பலரும் ஒன்றாக நீராடும் அருவியில் எச்.ஐ.வி. கிருமி தொற்றிக்கொள்ளுமோ என்று அஞ்சுவோர் இன்றும் உளர். அவ்வச்சம் வேண்டுவதில்லை. சேர்ந்து நீராடுவதாலோ, உடன் உண்பதாலோ, கொசுக்கடியாலோ இக்கிருமி பரவாது. பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமி கலந்த குருதி, ஒருவருக்குப் போட்ட ஊசி, தாயிடமிருந்து சேய் ஆகிய வழிகளிலேயே அது பரவுகிறது. அது உடலில் புகுந்தபின் நிகழ்வது யாது என்பதை நாம் இங்குக் காண்போம்.

எதிர்ப்பொருள்

மலையடிவார வயல்களில் இரவில் காட்டுப்பன்றி இறங்கினால் காவற்காரர் கூக்குரல் எழுப்புவர். அதுபோலவே கிருமி புகுந்ததும் உடல் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. அவை குருதியில் தென்படச் சில வாரங்கள் முதல் மூன்று மாதங்கள் வரை ஆகலாம். ஆகவே முதற் சோதனையில் ‘இல்லை’ என வந்தாலும், ஐயமுள்ளவர் மீண்டும் சோதித்துக்கொள்ளல் வேண்டும்.

இந்தியாவில் இத்தொற்று முதன்முதல் வெளிப்பட்டதும் இவ்வெதிர்ப்பொருளைக் கொண்டேயாகும். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமன், டாக்டர் நிர்மலா ஆகியோர் திரட்டிய குருதி மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டபோது உண்மை புலனாயிற்று.

அளவு குறைந்தால் நலமா?

கிருமியின் உட்கருவில் பி24 என்னும் புரதம் உண்டு. அதற்கு எதிரான பொருள் தொடக்கத்தில் மிகுந்திருந்து, நோய் முற்றுகையில் பலரிடம் குறைந்துவிடுகிறது. காவற்காரன் குரல் ஓய்ந்தால் பன்றி அகன்றது என்று கொள்ளலாமா? அவன் களைத்து வீழ்ந்திருக்கவுங்கூடும். எதிர்ப்பொருள் உண்டாகத் துணைபுரியும் சி.டி.4 அணுக்களையே இக்கிருமி அழிக்கிறது. பெருகிவிட்ட கிருமிப் புரதமோ எஞ்சிய எதிர்ப்பொருளைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே இக்குறைவு குணமன்று, எச்சரிக்கையாகும்.

எனினும் இக்குறைவு எல்லோரிடமும் ஒரே சீராகக் காணப்படுவதில்லை. கிருமியின் மேலுறைக்கு எதிரான பொருளோ பெரும்பாலும் இறுதிவரை நிலைத்திருக்கும். எனவே இன்று நோயின் நிலையைச் சி.டி.4 எண்ணிக்கை, குருதியிலுள்ள கிருமியின் அளவு ஆகியவற்றால் மருத்துவர் அறிகின்றனர். ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் சி.டி.4 அணுக்கள் 200-க்குக் கீழே இறங்கினால் நோய் முற்றிய நிலையாம்.

குழந்தைகள்

தாயின் எதிர்ப்பொருள் சேய்க்கும் வந்து சேர்கிறது. ஆதலால் 18 மாதம் வரை எதிர்ப்பொருளை மட்டும் கண்டு குழந்தைக்குத் தொற்று உண்டென முடிவுகட்டலாகாது. கிருமியையே நேரே தேடும் சோதனையை 6 வாரத்திலேயே செய்யலாம்.

நமது கடமை

அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் சோதனை இலவசம். செய்தி மறைவாகக் காக்கப்படும். தொற்று உறுதியானால், சி.டி.4 எண்ணிக்கை எதுவாயினும் உடனே கூட்டு மருந்து தொடங்கப்படும். நாள்தோறும் தவறாமல் உண்டு, கிருமி சோதனையில் தென்படாத அளவுக்கு அடங்கி நின்றால், உடலுறவின் வழியே அது பிறருக்குப் பரவாது. மருந்தை நிறுத்தினால் மீண்டும் பெருகும்.

தொற்றுள்ளவரை வேலையினின்றோ பள்ளியினின்றோ குடியிருப்பினின்றோ விலக்குவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. ஊர்க்கூட்டத்தில் ஒருவர் பெயரை வெளியிடுதலும் தகாது. ஐயம் தீர 1097 என்னும் எண்ணில் இலவசமாகக் கேட்கலாம். அச்சத்தால் ஒருவர் சோதனைக்குச் செல்லாது ஒளிந்தால், இழப்பு அவருக்கு மட்டுமன்று, ஊருக்குமாம். அவ்வச்சத்தைப் போக்குதல் ஊராட்சியின் நற்பணிகளுள் ஒன்றாகுக.