கதவு சாத்திக்கொண்டது, சாவி உள்ளே!

உங்கள் வீடு கும்மிடிப்பூண்டியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மே மாதத்துப் பிற்பகல். அப்பா சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஷிப்டுக்குப் போயிருக்கிறார், அம்மா கடைத்தெருவுக்கு. அடுப்பில் பால்; தொட்டிலில் தம்பிப் பாப்பா. கீரைக்கார அம்மாவின் குரல் கேட்டு வாசலுக்கு வருகிறீர்கள். ‘படீர்!’ கதவு சாத்திக்கொள்கிறது. பூட்டும் ‘கிளிக்’ என்று விழுந்துவிடுகிறது. சாவியோ உள்ளே ஆணியில் தொங்குகிறது!

முதலில் செய்ய வேண்டியது என்ன? அண்டை வீட்டாரைக் கூப்பிடுங்கள். 101 அல்லது 112க்குத் தொலைபேசி செய்து, குழந்தை உள்ளே இருப்பதையும் அடுப்பு எரிவதையும் சொல்லுங்கள். தீயணைப்புத் துறையினர் வந்து கதவைத் திறப்பார்கள். மாடிக் குழாயைப் பிடித்து ஏற வேண்டாம். அழைப்பு மணியையும் அழுத்த வேண்டாம். ஏன் தெரியுமா? பால் பொங்கி வழிந்தால் தீ அணைந்துவிடலாம். எரிவாயு மட்டும் கசிந்துகொண்டிருக்கும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அதைப் பற்றவைக்க மணியில் எழும் ஒரு சிறு மின்பொறி போதும்.

உதவி வந்தது, தம்பியும் பத்திரம். இனி நிதானமாக யோசிப்போம். கதவைச் சாத்தியது யார்?

கடற்காற்றுதான்! வெயிலில் நிலம் விரைவில் சூடேறுகிறது. நீரின் வெப்ப ஏற்புத்திறன் அதிகமாதலால் கடல் மெதுவாகவே சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி எழும்ப, கிழக்கே பழவேற்காட்டுப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று உள்நாட்டை நோக்கி வீசுகிறது. அது சமையலறைச் சன்னல் வழியே நுழைந்து, மேற்கு வாசல் வழியே வெளியேறும்போது, உட்பக்கம் திறந்திருந்த கதவையும் தள்ளிச் சாத்திவிட்டது.

காற்றுக்கு அவ்வளவு பலமா? கணக்கிட்டுப் பார்ப்போம். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வரும் காற்றைத் தடுத்தால், சதுர மீட்டருக்குச் சுமார் 15 நியூட்டன் அழுத்தம் உண்டாகும். 2 மீட்டர் உயரமும் 0.9 மீட்டர் அகலமும் உள்ள கதவின் பரப்பு 1.8 சதுர மீட்டர். ஆகவே, மூடும் தறுவாயில் அதன்மீது ஏறத்தாழ 27 நியூட்டன் விசை செயல்படும். கிட்டத்தட்ட இரண்டே முக்கால் கிலோ எடை என்று கொள்ளுங்கள்!

இந்த விசை கதவின் நடுவில் செயல்படுவதாகக் கொள்ளலாம். கீலிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி, அதாவது கதவின் ஓரத்தில், தடுத்தால் 13.5 நியூட்டன் போதும். கீலுக்கு 9 சென்டிமீட்டர் அருகில் தடுத்தாலோ 135 நியூட்டன் வேண்டும். கதவுக்கு முட்டுக்கொடுக்கும் கல்லை எங்கே வைக்க வேண்டும் என்று இப்போது புரிகிறதல்லவா?

சரி, சாவியில்லாமல் பூட்டிக்கொண்ட கதவு, சாவியில்லாமல் திறக்க மறுப்பதேன்? பூட்டின் நாக்கைக் கவனியுங்கள். அதன் ஒரு பக்கம் சரிவாக இருக்கும். அது ஒரு சாய்தளம். கதவு மூடும்போது நிலையிலுள்ள தகடு சரிவை அழுத்த, நாக்கு உள்வாங்குகிறது. பள்ளம் வந்ததும் சுருள்வில் அதை வெளியே தள்ளுகிறது. அதுதான் அந்த ‘கிளிக்’! நாக்கின் மறுபக்கம் தட்டையானது. நீங்கள் கதவைத் தள்ளும் விசை, நாக்கு நகரும் திசைக்குச் செங்குத்தாக விழுகிறது. எவ்வளவு முட்டினாலும் நாக்கு உள்வாங்காது, தோள்தான் வலிக்கும்.

நாக்கை இழுக்கச் சாவி வேண்டும். பூட்டின் உள்ளே ஓர் உருளை. அதைச் சுழலவிடாமல் ஐந்து ஜோடிப் பித்தளைக் குச்சிகள் குறுக்கே நிற்கின்றன. சரியான சாவியின் பற்கள், ஐந்து ஜோடிகளின் பிரிவிடங்களையும் உருளையின் விளிம்பில் ஒரே வரிசைக்குக் கொண்டுவரும்; உருளை சுழலும். ஒவ்வொரு பல்லுக்கும் 6 உயரங்கள் என்றால் 6×6×6×6×6 = 7,776 விதச் சாவிகள்! பண்டைய எகிப்தியரின் மரப்பூட்டிலேயே இருந்த இந்தத் தத்துவத்தை, அமெரிக்கரான லைனஸ் யேல் (இளையவர்) 1861இல் காப்புரிமை பெற்ற தம் பூட்டில் சிறு உலோக உருளைக்குள் அடக்கினார்.

பூட்டுக்குத் திருடனையும் தெரியாது, வீட்டுக்காரரையும் தெரியாது; ஐந்து உயரங்களை மட்டுமே தெரியும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைக் கொண்டியில் மாட்ட மனிதக் கை வேண்டும்; காற்றால் மாட்ட முடியாது. தானே விழும் பூட்டு உள்ள வீட்டிலோ நாம்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

நல்ல தொழிற்சாலைகளில் ஒரு வழக்கம் உண்டு. இயந்திரத்தைப் பழுதுபார்ப்பவர் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சுக்குத் தம் பூட்டைப் போட்டு, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்வார். அவர் வேலை முடிக்காமல் வேறெவரும் அதை ஓடவிட முடியாது. உயிரைக் காக்கும் அந்த ஒழுங்கு வீட்டுக்கும் பொருந்தும். வாசற்படி தாண்டுமுன் சட்டைப்பையைத் தொட்டுப் பாருங்கள்: சாவி இருக்கிறதா?